அக்கி: குளிசை, நோவு, பார்வை, ஊசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையின் மருந்துக் கவுண்டரில் குளிசை கொடுக்கிற வேலை என்னுடையது. அக்கிக்கு டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு வருகிற ஆட்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், பின்னால் வரிசை நீண்டு நிற்பதால் முழுப் பதிலும் சொல்லி அனுப்ப முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். குளிசையின் அளவுகளை எழுதியிருப்பது உங்கள் துண்டில் இருப்பதை நீங்கள் விளங்கிக்கொள்ளத்தான். துண்டில்லாமல் கடையில் வாங்கிப் போட இதைப் பாவிக்க வேண்டாம்.

அக்கி எங்கிருந்து வருகிறது?

எப்போதோ வந்து போன கொப்புளிப்பானிலிருந்து. அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை வைத்து, தண்ணீர் வார்த்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்போம். ஆனால் அந்த வைரஸ் (வரிசெல்லா சொஸ்டர் என்று பெயர்) உடம்பை விட்டுப் போவதே இல்லை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும், 30, 40 வருடம் கூட. வயது போகிறபோது, அல்லது சீனி வருத்தம், புற்றுநோய் மருந்து, நீண்ட நாள் ஸ்டீரொயிட் குளிசை என்று ஏதோ ஒன்றால் எதிர்ப்புச் சக்தி இறங்குகிறபோது, ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அந்த ஒரு நரம்பின் பாதையில் மட்டும் வருவதால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டியாகத் தெரியும், நடுமுதுகிலோ நடுவயிற்றிலோ கோடு போட்டது மாதிரி நின்றுவிடும்.

சுற்றி வந்து இரண்டு முனையும் முட்டினால் ஆள் தப்பாது என்கிறார்களே?

சாதாரண அக்கி சுற்றி வராது, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் வந்தாலோ, ஒரு பட்டியை விட்டு உடம்பெல்லாம் கொப்புளம் பரவினாலோ அது வேறு விஷயம், எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்படியான ஆளை வாட்டில் வைத்து அசைக்ளோவிரை நாளத்தில் ஏற்றுவார்கள். பயந்துகொண்டு வீட்டில் இருக்க வேண்டிய நேரம் அது இல்லை.

கொப்புளம் வர முதல் எப்படிக் கண்டுபிடிப்பது?

கஷ்டம்தான், டொக்டருக்கும் கஷ்டம். பெரும்பாலும் முதலில் வருவது நோவு. ஒன்றிலிருந்து ஐந்து நாள் வரை ஒரு பக்க விலாவில், நாரியில், அல்லது நெற்றியில் எரிவு, குத்து, மின்சாரம் அடித்தது போல ஒரு இழுப்பு, சட்டை பட்டாலே தாங்க முடியாத கூச்சம். அதற்குப் பிறகுதான் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வரும்.

இடது நெஞ்சில் வந்தால் ஹார்ட் அட்டாக் என்று ஓடி வருகிறார்கள், அது சரியான ஓட்டம்தான், ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அக்கி என்று தெரிந்தால் ஒரு நட்டமும் இல்லை. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2009இல் பட்ட ஷெல் துண்டை இன்னும் உடம்பில் வைத்துக்கொண்டு இருக்கிற ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் நோவு வந்தால் "பழைய துண்டு வேலை காட்டுது" என்று பனடோல் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். நோவின் சுபாவம் வழமையை விட வேறாக இருந்தால், எரிவாக, தோலோடு சேர்ந்த கூச்சமாக இருந்தால், சட்டையைக் கழற்றி அந்த இடத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் என்றால் வீட்டில் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும்.

இரவில் பூச்சி ஏதோ ஊர்ந்திருக்கும் என்று நினைத்தோம். அதுவும் இப்படித்தானே?

வயல் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற சின்ன வண்டு ஒன்று நசுங்கினால் தோல் எரிந்து கொப்புளிக்கும், உண்மை. ஆனால் அது பட்ட இடத்தில் மட்டும் கீறல் போல இருக்கும், கழுத்திலோ கையிலோ, திறந்திருந்த இடத்தில். அதற்கு முன்னால் நாள்கணக்காக உள்நோவு இருந்திருக்காது. சந்தேகம் என்றால் காட்டிவிடுங்கள், டொக்டர் பெரும்பாலும் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார், இரத்தப் பரிசோதனை கூடத் தேவைப்படாது.

எந்த மருந்து? எத்தனை நாளைக்குள் தொடங்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்கிறவர்கள் இதை வாசியுங்கள். கொப்புளம் வெளிவந்து 72 மணித்தியாலத்துக்குள், அதாவது மூன்று நாளைக்குள், வைரஸ் எதிர்ப்புக் குளிசை தொடங்க வேண்டும். எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. குளிசை செய்வது வைரஸ் பெருகுவதைத் தடுப்பது, பெருகி முடிந்த பிறகு தடுக்க அதிகம் மிச்சம் இருக்காது. வெள்ளிக்கிழமை கொப்புளம் கண்டு, சனி ஞாயிறு கழித்து, திங்கள் விதைப்பு என்று செவ்வாய்க்கிழமை ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வருகிறபோது அந்த மூன்று நாளும் போயிருக்கும்.

மருந்து மூன்று இருக்கிறது. அசைக்ளோவிர் என்றால் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து தரம், 7 நாள். வலாசைக்ளோவிர் என்றால் 1000 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், 7 நாள். பாம்சைக்ளோவிர் 500 மில்லிகிராம், அதுவும் நாளுக்கு மூன்று தரம், 7 நாள். பின் இரண்டும் போடுவதற்கு லேசு, ஆனால் விலை கூட. கையில் காசு குறைவு என்றால் அசைக்ளோவிரையே நேரம் தவறாமல் போட்டு முடியுங்கள், பழைய மருந்து என்பதால் குறைந்த மருந்து என்று இல்லை.

இந்தக் குளிசைகள் கொப்புளம் காய்வதை விரைவாக்கும், ஆரம்ப நாட்களின் நோவைக் குறைக்கும். பிறகு நோவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு "குளிசை போட்டும் நோகுதே, மருந்து சரியில்லை" என்று கோபப்பட வேண்டாம்.

ஒரு நாளைக்கு 20 குளிசை போடச் சொல்லி எழுதியிருக்கிறது. பிழையாக எழுதிவிட்டார்களா?

இல்லை. அசைக்ளோவிர் 200 மில்லிகிராம் குளிசையாகவும் வரும், கையிருப்பில் அதுதான் இருந்தால் ஒரு வேளைக்கு நான்கு, நாளுக்கு ஐந்து வேளை, ஆக 20. ஏழு நாளைக்கு 140. பையைப் பார்த்துப் பயந்து பாதியை வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் வருத்தத்துக்கு ஒன்றுமே செய்யாத அளவுதான் உள்ளே போகும். காலை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10 என்று வைத்தால் நித்திரையும் கெடாது. சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ, பரவாயில்லை. தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்க வேண்டும், இந்த வெயிலில் இன்னும் கூட.

வைத்தியசாலையில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தால், அதை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மட்டுமாவது வாங்கித் தொடங்கிவிட்டு மிச்சத்துக்கு வழி பாருங்கள்.

நான்கு நாள் பிந்திவிட்டது. இனிப் போய்ப் பிரயோசனம் இல்லையா?

போங்கள். புதிய கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால், முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால், அல்லது எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆள் என்றால் பிந்தியும் தொடங்குவார்கள். எல்லாம் பொருக்காகிவிட்டது என்றால் வைரஸ் குளிசை தர மாட்டார்கள், நோவுக்கான மருந்து கிடைக்கும். அதற்காகவே போகலாம்.

அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். இந்தக் குளிசை போடலாமா?

போடலாம், ஆனால் அளவு வேறு. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் எத்தனை கமக்காரருக்கு இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. சிறுநீரகம் பலவீனமான ஆளுக்கு முழு அளவு கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி மூளையைத் தாக்கும்: ஆள் தடுமாறுவார், இல்லாத ஆட்களோடு கதைப்பார், நாக்குக் குழறும், தூங்கிக்கொண்டே இருப்பார். வீட்டில் உள்ளவர்கள் அதை வயதுக் குழப்பம் என்றோ, பேய்க் குணம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடும். அப்படிக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும், வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஆகவே அக்கிக்கு ஓபிடிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டு போங்கள். அக்கி பார்க்கிற டொக்டருக்கு உங்கள் கிரியற்றினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) கேட்டால்தான் தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரியாது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, நோவுக்கென்று கடையில் டைக்குளோபெனாக், ஐபுப்ரோபன் வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகத்தை இரண்டு பக்கத்தாலும் அடிக்கிற வேலை அது.

அசைக்ளோவிர் கிறீம் பூசினால் போதாதா?

போதாது. அந்தக் கிறீம் உதட்டில் வருகிற சின்னக் கொப்புளத்துக்கு. அக்கியின் வைரஸ் நரம்புக்குள் இருக்கிறது, மேலே பூசுவது அங்கே போகாது. கடைகளில் "எல்லாத் தோல் வருத்தத்துக்கும்" என்று தருகிற பெற்றமெத்தசோன் கிறீம் அதைவிட மோசம், அது ஸ்டீரொயிட், கொப்புளத்தின் மேல் பூசக் கூடாது. அன்ரிபயோட்டிக்கும் வைரஸுக்கு வேலை செய்யாது. கொப்புளம் பழுத்து, சீழ் கட்டி, சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால் மட்டும்தான் அது தேவை.

மேலுக்கு என்ன செய்யலாம் என்றால், சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடலாம், எரிவு குறையும். கடிக்குக் கலமைன் பூசலாம். உடைந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் பூசி, ஒட்டாத துணியால் மூடிவிடலாம்.

பார்வை பார்க்கலாமா (மந்திரிப்பது)? அக்கி எழுதலாமா (கொப்புளத்தின் மேல் காவியால் வரைவது)?

பார்வை பாருங்கள், திருநீறு போடுங்கள், புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கிறவர்கள் வையுங்கள். நோவோடு கிடக்கிற மனிதருக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து நெஞ்சாரச் செபித்தால் ஆறுதல் வராது என்று சொல்ல நான் யார்? எனக்கு இருக்கிற சண்டை ஒழுங்கைப் பற்றித்தான். மூன்று நாள் பார்வை பார்த்து முடித்துவிட்டு நான்காம் நாள் ஓபிடிக்கு வருகிறீர்கள். அதை மாற்றுங்கள். காலையில் ஓபிடி, முதல் வேளைக் குளிசை, பின்னேரம் பார்வை.

தோலில் எதையும் பூச விடாதீர்கள் என்பது இரண்டாவது. காவி, அரைத்த பச்சிலை, சுண்ணாம்பு, சாம்பல், எதுவானாலும் உடைந்த கொப்புளத்தின் மேல் போனால் கிருமி போகும், தழும்பு வரும், டொக்டருக்குப் பார்க்கவும் ஒன்றும் தெரியாது. சித்த வைத்தியம் செய்ய விரும்பினால் படித்த சித்த வைத்தியரிடமே போய், குளிசை போடுகிறேன் என்பதையும் சொல்லுங்கள். பரியாரி குளிசையை நிறுத்து என்று சொன்னால் அங்கே கேட்க வேண்டாம்.

ஆரம்ப நாட்களில் நோவுக்கு என்ன போடுவது?

பனடோல் முதல். பெரிய ஆளுக்கு ஒரு தரம் இரண்டு, நாளுக்கு நான்கு தரம், அதாவது எட்டுக்கு மேல் போகவே கூடாது. மெலிந்த வயோதிபர், ஈரல் வருத்தம், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் அதைவிடக் குறைவு, டொக்டரிடம் கேளுங்கள். அதற்கு அடங்காவிட்டால் டிரமடோல் மாதிரிக் கொஞ்சம் பலமானது எழுதுவார்கள், அது தலைசுற்றும், மலச்சிக்கல் வரும். ஸ்டீரொயிட் குளிசை சிலருக்கு எழுதுவார்கள், ஆரம்ப நோவுக்கு உதவலாம், ஆனால் பின்னால் வருகிற நீண்ட நோவைத் தடுப்பதில்லை, சீனியையும் ஏற்றும்.

கொப்புளம் காய்ந்து மாதக்கணக்காகிவிட்டது, நோவு மட்டும் போகவில்லை. ஏன்?

அக்கியின் உண்மையான கொடுமை இதுதான். கொப்புளம் 7 இலிருந்து 10 நாளில் பொருக்காகும், இரண்டிலிருந்து நான்கு கிழமையில் தோல் தெளியும். ஆனால் நரம்பு காயப்பட்டிருக்கிறது, அதனால் மேலே ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து மூளைக்கு நோவு நோவு என்று செய்தி போய்க்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அக்கிக்குப் பின்னான நரம்பு நோவு என்று சொல்கிறோம். அக்கி வந்த பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு இது வரும், 60 தாண்டியவர்களுக்குக் கூடுதலாக. வெளியில் புண் தெரியாததால் வீட்டில் யாரும் நம்புவதில்லை, "அம்மா சும்மா முனகுறா" என்பார்கள். சும்மா இல்லை.

இதற்குப் பனடோல் பெரிதாக உதவாது. நரம்பு நோவுக்கென்று வேறு மருந்துகள்: அமிற்றிப்டிலின், கபாபென்ரின், பிரிகபலின். அமிற்றிப்டிலினை 10 மில்லிகிராமில் தொடங்கி இரவில் ஒன்று என்று தருவார்கள். கூகுளில் தேடினால் மனச்சோர்வுக்கான குளிசை என்று வரும், அதைப் பார்த்துவிட்டு "எனக்கு விசர் என்று நினைச்சுத் தந்திட்டினம்" என்று ஒரு அம்மா முழுப் பையையும் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். சின்ன அளவில் அது நரம்பு நோவுக்கு நல்ல மருந்து, நித்திரையும் வரும். வாய் காயும், மலம் இறுகும், சிலருக்குச் சலம் போகக் கஷ்டமாக இருக்கும், இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலே சொல்ல வேண்டும்.

கபாபென்ரின், பிரிகபலின் இரண்டும் தலைசுற்றும். வயது போனவர்கள் இரவில் எழும்பி வெளியில் உள்ள மலசலகூடத்துக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அக்கியே தேவலை என்று ஆகிவிடும், ஆகையால் முதல் கிழமைகளில் யாராவது கூடப் போங்கள். சிறுநீரக வருத்தத்துக்கு இவற்றின் அளவும் குறைய வேண்டும். எதுவும் முதல் நாளே வேலை செய்யாது, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு மூன்று கிழமை பார்க்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துவது. மேலே ஒட்டுகிற லிக்னொகெயின் பட்டி, மிளகாய்ச் சத்தில் செய்த கப்சைசின் கிறீம் என்றும் இருக்கின்றன. பிந்தியது தோல் முழுதும் ஆறிய பிறகு மட்டும், பூசிவிட்டுக் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் தெரியும் சேதி.

எப்போது உடனே ஓட வேண்டும்?

நெற்றியில், கண் இமையில், முக்கியமாக மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பின் கிளை போகிறது, அங்கே வந்தால் கண்ணுக்குள்ளும் வரக் கூடும், பார்வையே போகலாம். கண் சிவக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கண் டொக்டர் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதினால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

காதுக்குள் கொப்புளம், அதோடு வாய் ஒரு பக்கம் கோணுதல், கண் மூட முடியாமை, தலைசுற்று, காது கேளாமை, இதுவும் அவசரம். கடும் தலையிடி, கழுத்து இறுக்கம், குழப்பம் என்றாலும் அப்படியே.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறா. தொற்றுமா?

அக்கி அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புளத் தண்ணீரில் வைரஸ் இருக்கிறது, கொப்புளிப்பான் வராத ஒருவருக்கு அது பட்டால் கொப்புளிப்பான் வரும். எங்கள் மாதிரி வெப்ப நாடுகளில் நிறையப் பேர் கொப்புளிப்பான் வராமலே வளர்ந்த ஆளாகிவிடுகிறார்கள், ஆகையால் "பெரிய ஆள்தானே, வந்திருக்கும்" என்று நினைக்க முடியாது. கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, புற்றுநோய் மருந்து எடுக்கிறவர், இவர்களை எல்லாம் பொருக்காகும் வரைக்கும் விலக்கி வையுங்கள். கொப்புளத்தை மூடி வைத்து, துவாயும் படுக்கை விரிப்பும் தனியாக வைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மற்றவர்கள் ஒரே வீட்டில் தாராளமாக இருக்கலாம்.

கொப்புளிப்பான் வராத கர்ப்பிணி ஏற்கெனவே நெருங்கிப் பழகிவிட்டா என்றால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே குடும்பநல மாதுவிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள். இரத்தம் பார்த்துத் தேவையானதைச் செய்வார்கள், அதற்கும் நாட்கணக்கு உண்டு.

குளிக்கலாமா? மீன், முட்டை சாப்பிடலாமா? வயலுக்குப் போகலாமா?

குளிக்கலாம், சவர்க்காரத்தை மெதுவாகப் போட்டு, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். குளத்தில் இறங்க வேண்டாம். சாப்பாட்டில் விலக்க ஒன்றுமில்லை, வயது போன ஆளுக்கு மீனையும் முட்டையையும் நிறுத்திப் பத்தியம் வைத்தால் உடம்பு இன்னும்தான் இறங்கும். வயலுக்குப் பொருக்காகும் வரை போகாமல் இருப்பது நல்லது. போயே ஆக வேண்டும் என்றால் மூடிக்கொண்டு போங்கள், முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து நெல்லுக்கு அடிக்கிற வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

துண்டில் "ஹெர்பிஸ்" என்று எழுதியிருக்கிறது. அது பாலியல் நோய் அல்லவா?

ஹெர்பிஸ் சொஸ்டர் என்று முழுதாக வாசியுங்கள். பாலியல் உறவால் வருவது ஹெர்பிஸ் சிம்பிளெக்ஸ், அது வேறு வைரஸ், குடும்பம் மட்டும் ஒன்று. தயவுசெய்து இதற்காகப் புருசன் பெண்சாதி சண்டை பிடிக்க வேண்டாம். இளம் ஆட்களுக்கு அக்கி வந்தால் சில டொக்டர்மார் எச்ஐவியும் சீனியும் பார்க்கச் சொல்வார்கள், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேடுகிற வழமையான சோதனை அது, உங்களைச் சந்தேகிப்பதற்காகச் சொல்வதில்லை.

லண்டனில் இருக்கிற மகன் ஊசி போடச் சொல்கிறார். இப்போது போடலாமா?

இப்போது, கொப்புளம் இருக்கும்போது, இல்லை. அந்த ஊசி வராமல் தடுப்பதற்கு, வந்ததைக் குணமாக்காது. மகன் சொல்வது சிங்ரிக்ஸ் என்பதாக இருக்கும், 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு ஊசி, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில். நல்ல ஊசி, ஆய்வுகளில் 90 வீதத்துக்கு மேல் தடுத்திருக்கிறது. பிரித்தானியாவில் 2023 செப்டெம்பரிலிருந்து 65 வயதாகிறவர்களுக்கும் 70 இலிருந்து 79 வரை உள்ளவர்களுக்கும் அரசாங்கமே போடுகிறது, அதனால்தான் அங்கிருந்து இந்தக் கதை வருகிறது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, ஆகவே கிளினிக்கில் கேட்டு ஏமாற வேண்டாம்.

ஒரு தரம் அக்கி வந்தவருக்கு மறுபடியும் வரலாம், எல்லாருக்கும் வருவதில்லை. அதனால் வந்து போனவர்களும் கொப்புளம் முழுதாகத் தெளிந்த பிறகு ஊசி போடலாம். போட்ட கை ஒன்றிரண்டு நாள் நோகும், காய்ச்சல் குணமும் இருக்கும். லண்டனுக்கோ கனடாவுக்கோ பிள்ளைகளிடம் போய் நிற்கிற பெற்றோர் அங்கே போட நினைத்தால் இரண்டாவது ஊசிக்கு முதல் திரும்பி வந்துவிடாதபடி டிக்கெட்டைப் பாருங்கள்.